மூன்று விநாடி சலாம்

எங்கள் ரேடியோத் தொழிலில் பெட்டி கெடுவது குறைவு. பொத்தானை அமுக்குகிறவர்களால்தான் வேலை. தூரத்துக் கருவியைக் கையால் தொடாமல் இயக்கப் போய், கடைசியில் காலால் மலை ஏறியவர்கள் யாராவது இதை வாசித்தால் என் பாடு புரியும்.

அட்டைக்கடி

இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒபிசுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் நடுவே மலை. கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஒரு பக்கப் பேச்சை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ரேடியோப் பெட்டி மலை உச்சியில் இருந்தது. சோலார் பெட்டரி, இரவும் பகலும் ஓடவிட்டால் பனிக்காலத்தில் செத்துவிடும். ஆகவே காவல்காரர் பெருமாள் இரத்தம் குடிக்கும் அட்டைகளிடம் கடி வாங்கிக்கொண்டு காலையில் ஏறிப் போடுவார், மாலையில் ஏறி அணைப்பார்.

நான் தானே இயங்கும் சுவிட்சான ஒரு ரிலேயும் டைமரும் பொருத்தினேன். கீழே ஒபிசில் மைக் பொத்தானை மூன்று விநாடி விடாமல் அமுக்கினால், மேலே ரிலே இழுத்துப் பெட்டி உயிர்பெறும். கீழே பச்சை விளக்கு எரியும். பத்து நிமிடம் யாரும் பேசாவிட்டால் தானே அணையும். இனி ஏற வேண்டாம் என்றதும் பெருமாள் கேட்டார்: "அப்ப அந்த அட்டைங்களுக்கு இனிமே யாருங்க சோறு போடுறது?"

மரியாதை தெரிந்த ரிலே

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முத்தையா பேசினால் பெட்டி வேலை செய்தது. தோட்ட மானேஜரான பெரிய துரை பேசினால் செய்யவில்லை. போய்ப் பார்த்தேன். முத்தையா எழுந்து நின்று, பொத்தானை அமுக்கி, சலாம் வைத்து, சுகம் விசாரித்து, பிறகே விஷயத்துக்கு வந்தார். அந்தச் சலாம் யாருக்கும் கேட்கவில்லை; ஆனால் அதற்குள் ரிலே இழுத்துவிட்டது. துரையோ ஒரு சொல் அதட்டி, பொத்தானை விட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

மூன்று விநாடி பொறுக்கச் சொன்னேன். துரை சொன்னார்: "பெட்டிக்கு நான் காத்திருக்கணுமா?"

அரை விநாடி

உத்தரவுப்படி டைமரை அரை விநாடிக்குக் குறைத்தேன். பின்னேர மழையில் மின்னல் வெட்டிய ஒவ்வொரு கரகரப்புக்கும் ரிலே விழித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பெட்டரி செத்தது. பெருமாள் மாற்றுப் பெட்டரியைத் தலையில் வைத்து ஏறினார், பின்னால் நானும். துரைக்குச் சொல்லாமல் டைமரைப் பழையபடி மூன்றுக்கு மாற்றினேன். காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே பெருமாள் சொன்னார்: "இடிக்கும் பெரிய தொரைக்கும் ஒரே கொணம்ங்க."

கீழ்ப் பிரிவு

அடுத்த வாரம் நான்கு நாள் விடாத மழை. கீழ்ப் பிரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதை மலை உச்சியிலிருந்து பார்த்து முத்தையா ஒபிசுக்கு ஓடிவந்தார். ரோட்டில் மரம் விழுந்திருந்தது. ரேடியோதான் ஒரே வழி. துரை மைக்கைப் பறித்து அதட்டினார். விளக்கு எரியவில்லை. நான்கு முறை அதட்டினார். நான் ஒளித்த விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முத்தையா மெதுவாகச் சொன்னார்: "அமுக்கிக்கிட்டே சலாம் வைங்க தொரை."

துரை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது அவர் கண்ணில் படவில்லை. இன்னும் இரண்டு முறை வைத்துவிட்டே விஷயத்தைச் சொன்னார்.

கீழ்ப் பிரிவின் ரேடியோ செட் இருந்தது பிள்ளைக் காம்பராவில். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மா கேட்டுவிட்டு, லயம் முழுவதையும் பாடசாலைக்கு ஓட்டிப் போனார். ஒரு மணி நேரத்தில் லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள், அதாவது இரண்டு வீடுகள், மண்ணுக்குள் போயின. உள்ளே யாருமில்லை.

ஒரு வார்த்தையில் எப்படிக் கிளப்பினீர்கள் என்று பிறகு கேட்டேன். செல்லம்மா சொன்னார்: "பெரிய தொரையே எனக்குச் சலாம் வச்சாருங்க. அப்பவே தெரிஞ்சிருச்சு, மலை எறங்கப் போவுதுன்னு."

டைமர் இன்றும் மூன்று விநாடியில்தான் இருக்கிறது. துரையைத்தான் கொஞ்சம் திருத்தியமைக்க வேண்டியிருந்தது.