சாம்பலா, சிவப்பா

தூசி உறிஞ்சும் மெஷினைப் பற்றி யாராவது என்னிடம் வாய் திறந்தால் போதும், அரை மணித்தியாலம் நிறுத்தாமல் கதைப்பேன். மோட்டரின் வலு, குழாயின் நீளம், வடிகட்டியின் வகை, சத்தம், பாரம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘அப்ப எதை வாங்கலாம்?’ என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். பெயர்போன இரண்டு மெஷின்களையும் வீட்டில் வைத்து இரண்டு கிழமை ஆராய்ந்தவன் நான். ஆராய்ச்சி முடிந்தபோது இருந்த குழப்பம், தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவியின் முட்டு. ஐம்பது வயது வரைக்கும் தடிமன்கூட அதிகம் பிடிக்காத மனுஷிக்கு, வெள்ளவத்தையில் இந்த நாலாம் மாடி வீட்டுக்கு வந்த மறு வருடம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. வீதிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் புதிதாக எழும்பும் மாடிக் கட்டடத்தின் சீமெந்துத் தூள். இரண்டையும் பூட்டினால் புழுக்கம். காலையில் அவள் தேங்காய் துருவும்போது அந்தச் சத்தத்துக்கு நடுவே நெஞ்சு விசிலடிப்பதும் கேட்கும். நான் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். பயமாக இருக்கும். அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல், “பம்பை அடிச்சனீரோ?” என்று மூச்சு மருந்தைப் பற்றி மட்டும் கேட்பேன்.

நாங்கள் வழக்கமாகக் காட்டுகிற டொக்டர் நெஞ்சைக் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கம்பளம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றோம். எதால் கூட்டுகிறீர்கள் என்று கேட்டார். தும்புத்தடியால் என்றோம்.

“தும்புத்தடியை எறியுங்கோ. அது தூசியை ஒரு மூலையில இருந்து மற்ற மூலைக்குப் பறக்க விடுறதுதான். நல்ல வக்யூம் கிளீனர் ஒண்டு எடுங்கோ.”

எந்த வக்யூம் கிளீனர் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திராது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் சாமான்களைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கந்தோரில் முப்பது வருடமாக வேலை செய்கிறேன். தாள்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். ஒரு கட்டம் நிரப்பாமல் விடுபட்டாலும் பெட்டி நகராது. அதனால் உலகத்தில் எதையும் கட்டம் போட்ட தாளில் நிரப்பினால் முடிவு தானாக வெளியே வந்துவிடும் என்று நம்புகிறவன். மின்விசிறி வாங்கவே மூன்று கிழமை எடுத்தேன். மனைவி அதற்குள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய விசிறியோடு சமாளித்தாள்.

எங்கே விசாரித்தாலும் இரண்டு மெஷின்களின் பெயர்தான் வந்தது. பெயர்கள் வேண்டாம், நிறத்தால் சொல்கிறேன். ஒன்று சாம்பல், மற்றது சிவப்பு. சாம்பலுக்குப் பை இல்லை. உறிஞ்சிய குப்பை ஒரு கண்ணாடிபோன்ற கோப்பைக்குள் சுற்றுவது வெளியே தெரியும். நிறைந்ததும் கோப்பையைக் கழற்றிக் கொட்ட வேண்டும். சிவப்புக்கு உள்ளே கடதாசிப் பை. நிறைந்தால் பையோடு எறிந்துவிடலாம், ஆனால் புதுப் பைக்கு அலைய வேண்டும். சாம்பல் பாரம் குறைவு, சத்தம் அதிகம். சிவப்பு சத்தம் குறைவு, பாரம் அதிகம்.

சிவப்புக் கட்சியின் தலைவி என் மச்சாள், மனைவியின் தங்கை. கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பத்தில் கல்யாணம் கட்டியவள்.

“அத்தான், கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை எடுங்கோ. ஆறு வருஷமா அதுக்கு ஒரு தலையிடி காய்ச்சல் இல்லை.”

“பை கிடைக்குதோ?”

“வெளிநாட்டுச் சாமான் இறக்க விடாத காலத்தில மட்டும் கிடைக்கேல்லை. பழைய பையை வெட்டிக் கொட்டிப்போட்டுத் திருப்பித் தைச்சனான்.”

இது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. புறக்கோட்டையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். மாளிகாவத்தைக்காரர். அவருடைய பெட்டிகளை எங்கள் கந்தோர்தான் விடுவித்துக் கொடுக்கும்.

“சிவப்பா? நல்ல சாமான்தான் சேர். ஆனா கப்பல் வரல்லன்னா பேக்குக்கு நீங்க எங்க போவீங்க? சாம்பல எடுங்க. பேக்கே இல்ல, கவலையும் இல்ல.”

“சத்தம் கூட எண்டு சொல்லுகினம்.”

“சத்தம் இல்லாத மெஷின் வேல செய்யுமா சேர்?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். “கொண்டு போங்க. ரெண்டு கெழம வச்சிப் பாருங்க. புடிக்கல்லன்னா திருப்பித் தாங்க.”

அந்தச் சனிக்கிழமை மச்சாளும் தன் சிவப்பை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். எனக்குப் பெரிய சந்தோஷம். கைத்தொலைபேசியில் எவ்வளவோ ஒப்பீட்டு வீடியோ பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் கம்பளத்தில் ஏதோ காலைச் சாப்பாட்டுப் பொரியைக் கொட்டி உறிஞ்சிக் காட்டுவாள். எங்கள் வீட்டில் அதையெல்லாம் யார் கொட்டுகிறார்கள்? எங்கள் வீட்டில் சிந்துவது அரிசி, ரவை, கடுகு, தேங்காய்ப்பூ. ஆகவே எங்கள் வீட்டுக்கு எங்கள் சோதனை என்று தீர்மானித்தேன்.

கம்பளத்தின் நடுவே தையல் நூல் ஒன்றை இழுத்துக் கட்டினேன். இடது பக்கம் சாம்பலுக்கு, வலது பக்கம் சிவப்புக்கு. இரண்டு பக்கமும் ஒரு கரண்டி சிவப்பரிசி, ஒரு கரண்டி ரவை, சீப்பிலிருந்து எடுத்த தலைமுடி. கந்தோர்த் தாளைப்போலவே ஒரு தாளும் அடித்து வைத்திருந்தேன். உறிஞ்சல், சத்தம், பாரம், மூலை, கட்டிலின் கீழ், கொட்டும் வசதி, வேறு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட ஒரு கட்டம்.

“இஞ்சரும், இதைப் பிடியும்” என்று குழாயை மனைவியிடம் கொடுத்தேன். பாவிக்கப் போகிறவள் அவள். அப்படியானால் சோதிக்க வேண்டியவளும் அவள்தானே? அது மிகவும் நியாயமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. என் விருப்பத்தை அவள்மேல் திணிக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அவள் தள்ளினாள். நான் கதிரையில் இருந்து எழுதினேன். மச்சாள் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து, தன் சிவப்புக்குக் குறைத்துப் புள்ளி போடுகிறேன் என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

முதல் நாள் முடிவில் இரண்டுக்கும் ஒரே புள்ளி. அடுத்த நாள் சாம்பல் முன்னுக்கு வந்தது. தாளை மறுபடி பார்த்தபோது பாரத்தை இரண்டு தரம் சேர்த்திருந்தேன். கழித்தால் சிவப்பு முன்னுக்கு. ஒரு சனி ஞாயிறு போதாது, வேலை நாளிலும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் ஒரு சிக்கல். நான் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருப்பாள். விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

“இது கூட்டுறதில்லையப்பா, உறிஞ்சிறது. குப்பை வீட்டுக்குள்ளயேதானே இருக்கு” என்றேன்.

“மெஷினுக்குள்ள போனாலும் குப்பை குப்பைதான். விளக்கு வைச்ச பிறகு அந்தச் சத்தம் இந்த வீட்டில கேக்கக்கூடாது.”

மச்சாளிடம் தொலைபேசியில் நியாயம் கேட்டேன். “எங்கட வீட்டில மெழுகுதிரிதான் அத்தான். அதுக்கு இந்தச் சட்டம் இல்லை” என்று கழன்றுவிட்டாள்.

ஆகவே நான் கந்தோரில் இருக்கும்போது, பகலில், மனைவி தனியே இரண்டையும் ஓட்டிப் பார்த்துத் தாளை நிரப்பி வைப்பது என்று ஒழுங்கு செய்தோம். செய்தோம் என்று எழுதுகிறேன். செய்தது நான். விளக்கையும் சாட்டாகச் சொல்ல முடியாது. சனி ஞாயிறு பகல் முழுக்க வீட்டில் இருந்தேனே, அப்போதும் அவள்தானே தள்ளினாள். கடையில் இருக்கும்வரைக்கும் அது மெஷின், அதைத் தெரிவு செய்வது என் வேலை. வீட்டு வாசற்படியைத் தாண்டினதும் அது தும்புத்தடி, பிடிப்பது அவள் வேலை. இதை நான் ஒருநாளும் யோசித்து முடிவு செய்ததில்லை. யோசிக்காததுதான் பிழை.

ஒவ்வொரு நாளும் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன். ஒழுங்காக நிரப்பியிருப்பாள். கொட்டும் வசதி, சாம்பல்: எட்டு. வேறு குறிப்பு: நல்லது. அந்தக் கிழமை பம்ப் இரண்டு நாள் முந்தியே முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏன் முந்தி முடிந்தது என்று கேட்கவில்லை. மெஷின் வீட்டுக்கு வந்தும் முட்டு குறையவில்லையே, இரண்டில் எது சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

இரண்டாம் கிழமை வியாழக்கிழமை கந்தோரில் கம்பியூட்டர் வேலை செய்யவில்லை. பின்னேரம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்துவிட்டு அவள் திரும்பிப் போய்ச் சாப்பாட்டு மேசைக் கதிரையின் நுனியில் இருந்தாள். இரண்டு கையும் முழங்காலில் ஊன்றியிருந்தது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. உதடு நிறம் மாறியிருந்தது. குசினி ஜன்னல் திறந்திருந்தது. சாம்பல் மெஷினின் கோப்பை நிலத்தில் கிடந்தது. அதை ஜன்னல் பக்கத்தில் வைத்து ஷொப்பிங் பைக்குள் தட்டியிருக்கிறாள். கடற்காற்று அத்தனையையும் அவள் முகத்தில் திருப்பி அடித்திருக்கிறது. தலைமயிர், கண்ணிமை, சட்டைக் கழுத்து எல்லாம் மெல்லிய தூசி.

அவள் வாயைத் திறந்து முதலில் சொன்னது இதுதான்.

“சாம்பல்... முடிஞ்சுது... சிவப்பு மட்டும்...”

பம்பைத் தேடினேன், அது அவள் கையிலேயே இருந்தது. லிஃப்ட் வரும்வரை அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்தப் பத்து நிமிடமும் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கில் வாயில் மூடியைப் போட்டு மருந்துப் புகையைக் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் கொடுத்த பிறகுதான் நெஞ்சு தணிந்தது. எங்கள் டொக்டர் பின்னேரம் அங்கேதான் நோயாளிகளைப் பார்ப்பார். வந்து நின்றார்.

“வீட்டில ஆர் கூட்டுறது?”

“இப்ப மெஷின் இருக்கு டொக்டர். ரெண்டு இருக்கு.”

“மெஷினை ஆர் பிடிக்கிறது?”

நான் அவளைப் பார்த்தேன். டொக்டரும் அவளைப் பார்த்தார்.

“தூசி ஆகாத ஆளைக் கொண்டே தூசியை அள்ள வைச்சிருக்கிறியளோ? கூட்டேக்க இவ அந்த வீட்டுக்குள்ளயே நிக்கக்கூடாது. எல்லாம் அடங்கின பிறகுதான் உள்ளுக்கு வர வேணும். எந்த மெஷின் எண்டாலும் இதுதான்.”

அவள் மூடியைக் கொஞ்சம் விலக்கினாள். “அவரைப் பேசாதேங்கோ டொக்டர். எனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுறவர்.”

டொக்டர் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். அவள் எனக்காகப் பேசியதைத் தாங்க முடியவில்லை. தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்து நடைபாதையில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளை வரச் சொன்னேன். அக்காவும் தங்கையும் கடற்கரை வீதியில் போய் இருக்கட்டும், நான் கூப்பிடும்வரை மேலே வரவேண்டாம் என்றேன். வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, கல்யாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டை நான் சுத்தம் செய்தேன். சாம்பலின் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு கிழமையாக அதற்குப் புள்ளி போட்டவனுக்கு அது குழாயின் பிடியில் இருப்பது தெரியாது. சோபா செட்டியை நகர்த்தினேன், இடுப்புப் பிடித்தது. கட்டிலின் கீழ் சிவப்பின் தலை நுழையாது என்பதை அந்தக் கட்டத்தில் இருந்த புள்ளி சொல்லவில்லை. கோப்பையை ஈரப் பத்திரிகைக்குள் வைத்துச் சுற்றிக் கொட்டியும் பாதித் தூசி என் சட்டையில். இதற்கு எட்டுப் புள்ளி கொடுத்திருந்தாளே.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டேன். அவள் லிஃப்டில் வந்து வாசலில் நின்றாள். மூச்சு சாதாரணமாக இருந்தது. நான் கதிரையில் வியர்த்துப்போய் இருந்தேன்.

“அந்தக் கோப்பையைக் கொட்டேக்க ஒவ்வொரு நாளும் முட்டினதோ?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“அப்ப ஏன் எட்டுப் போட்டனீர்?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “நீங்கள் அவ்வளவு ஆசையா எழுதிக்கொண்டு இருந்தனீங்கள். எனக்காக நீங்கள் இப்பிடி இருந்து ஒண்டைச் செய்து நான் எப்ப கண்டனான்? குழப்ப மனம் வரேல்லை.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சாம்பலையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“அப்ப எதை வாங்குவம்?” என்று கேட்டேன்.

அவள் என் சட்டையில் இருந்த தூசியைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எது பாரமில்லாமல் இருக்கோ, அதை வாங்குங்கோ.”