கடமான் கறி

ஒடுகத்தூர் சாலையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த புதிது. ஒரு நாள் விடியுமுன் அந்த பஸ் புளியமரத்தில் மோதியது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேர்க்கடலை விவசாயி இறந்துபோனார். சர்க்கார் டாக்டரான நான்தான் பிரேதப் பரிசோதனை செய்தேன். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"கடமான் குறுக்க பாஞ்சிச்சி சார். அத அடிச்சிட்டுத்தான் வண்டி மரத்துல போச்சி" என்று டிரைவர் அழுதான். பயணிகள் தூக்கத்தில் இருந்தார்கள்; மோதிய பிறகும் இருட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. போலீசார் போனபோது சாலையில் மான் இல்லை.

"மானாவது மண்ணாங்கட்டியாவது! குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவனை லாக்கப்பில் தள்ளினார்கள்.

மத்தியானம் வீட்டில் கறிக்குழம்பு. தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த மைத்துனர் கொடுத்தனுப்பிய கறி. நல்ல பசி எனக்கு. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஆட்டுக்கறி இன்னிக்கி ஜோரா இருக்குதே."

"ஆடு இல்லீங்க, கடமான். ரோட்ல செத்துக் கெடந்துச்சாம்" என்றாள் மனைவி.

கையைக் கழுவியும் கழுவாமலும் தோல் ஷாப்புக்கு ஓடினேன். மைத்துனர் கூச்சப்படவே இல்லை.

"நம்ம தோல் வண்டி அந்தப் பக்கமா வந்துச்சி மாப்ள. அடிபட்டவங்கள மொதல்ல அனுப்பிச்சிட்டோம். அப்பறந்தான் உரிச்சோம். வெயில் ஏறுனா தோலு அழுவிப்பூடும். பாத்துக்கினு சும்மா வர்றதா?"

செத்த மிருகத்தைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலில் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்புதான் ஞாபகம் வரும். போலீஸ் அப்புறம்தான்.

உப்புக்குள்ளிருந்து தோலை உருவி விரித்தோம். உட்புறம், தோள்பட்டை இருந்த இடத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. உயிரோடு இருக்கும்போது அடிபட்டால்தான் அப்படிக் கன்றும். அங்கேயே பஸ் விளக்கின் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தியிருந்தது. தோலைச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்கு நானே சுமந்துபோனேன்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் கேட்டார்: "தோல் இருக்கிறது. மிச்ச மான் எங்கே?"

"சாப்பிட்டாயிற்று."

"யார் சாப்பிட்டது?"

"நானும்தான்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மானமே போயிற்று. டிரைவர் விடுதலையாகி வெளியே வந்து என் காலில் விழப்போனான். அது இன்னும் கூசியது.

அவனுக்குப் பின்னால் அந்த அம்மாள் நின்றிருந்தார்.

"எங்க வூட்டுக்காரர கொன்ன மானத்தான் சாப்ட்டீங்களா சாமி? நான் ஆஸ்பத்திரி மரத்தடியில குந்திக்கினு இருந்தனே, அப்பவா?"

"ஆமாம்மா" என்றேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.