இப்பத்தான் பறந்துச்சு

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஏரிக்கரைக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. "இப்பத்தான் விடுதி எங்க?" என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழி காட்டும். நேரில் அவர் "இப்பத்தான் அண்ணன்". முதுகுக்குப் பின்னால் வெறும் "இப்பத்தான்".

பட்டம் பஸ் நிலையத்தில் கிடைத்தது. விடுதிக்காரர் ஆவதற்கு முன்னால் அங்கே விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர் அவர். அந்த ஜன்னலில் அவர் கற்றுக்கொண்ட ஞானம் ஒன்றே ஒன்று. "பஸ் இல்லை" என்று சொன்னால் மனுஷன் சண்டைக்கு வருவான். "எப்ப வரும்னு தெரியாது" என்றால் உன் மேலதிகாரி யார் என்று கேட்பான். "அடடா, இப்பத்தான் போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். தன் தலைவிதியைத் தானே நொந்துகொண்டு, பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்துவிடுவான். அடுத்தது வந்தே தீரும் என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொள்வான்.

மாமனார் கண்ணை மூடியபோது ஏரிக்கரை வீடு மகளுக்கு, அதாவது இவருடைய வீட்டுக்காரிக்கு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் இந்த வீடு. கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு பறவை பார்க்க வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் அலைவதைப் பார்த்தார். வேலையை விட்டுவிட்டு, வரிசையாக நாலு அறை கட்டி, ஒரு பழைய படகையும் வாங்கிப் போட்டார்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பைத்தியம். பனிக்காலத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்து, வெயில் ஏறியதும் எங்கேயோ போய்விடுகிற ஒரு குருவி. நீல முதுகு, செங்கல் நிறத்தில் வயிறு, வால் இருக்கவேண்டிய இடத்தில் பேருக்கு ஒரு துணுக்கு. புத்தகத்தில் அதற்கு வாய் சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு பெயர் உண்டு. அவருடைய வீட்டுக்காரி அதைக் குட்டைவால் என்பாள். அத்தி பூத்தாற்போலத்தான் கண்ணில் படும் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் குட்டைவால், தினமும் விடியும் நேரத்தில் அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊறி நசநசவென்று கிடக்கும் மண்ணில் புழு அப்படிக் கிடைக்கும்.

தொழிலின் முதல் பனிக்காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஒரு வாரம் தங்குவதாகப் பேச்சு. மறுநாள் காலையில் அவரே ஆசை ஆசையாகக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குட்டைவாலைக் காட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மத்தியானம் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். "பாத்தாச்சு, கிளம்புறோம். அடுத்தது வேற ஊர்ல வேற பறவை." போனவர்கள் போனவர்கள்தான். திரும்பி வரவே இல்லை.

அன்றைக்கு அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பஸ் நிலையம் விழித்துக்கொண்டது. பார்த்தவன் திரும்ப வரமாட்டான். பார்க்காதவன் வந்தே தீருவான். உடனே கொல்லைக்கும் அறைகளுக்கும் நடுவே ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார். விடியும்போதே எல்லாரையும் எழுப்பிப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கூட்டத்துக்கு அவரே தலைவர். காட்டுக்குள் நடக்கும்போது திடீரென்று நிற்பார், கையை நீட்டுவார், உதட்டைப் பிதுக்குவார். "அடடா, இப்பத்தான் பறந்துச்சு." மற்றபடி அவரை மோசக்காரர் என்று சொல்ல முடியாது. மீன்கொத்தி, மரங்கொத்தி, கழுகு, ஆந்தை என்று காட்டில் இருக்கிற அத்தனையையும் நேர்மையாகக் காட்டுவார். இந்த ஒன்றில்தான் அவர் கை கொஞ்சம் நீளம்.

இதெல்லாம் அவருடைய வீட்டுக்காரிக்குப் பிடிக்காது. அவள் பொய் சொல்லாதவள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பு அதிகம் என்று சொல்லிவிடுகிற ரகம். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. என்னைக்காவது மாட்டுவீங்க" என்பாள்.

தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் லேப் அம்மா. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒரு வாரம் வந்துவிடுவார், எப்போதும் அதே கடைசி அறைக்கு. அந்த அறையைப் பெருக்கப் போனால் குளியலறைப் பக்கெட் எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும். சுத்தமான மனுஷி என்று வீட்டுக்காரி மெச்சிக்கொள்வாள். படகில் லேப் அம்மாவும் இப்பத்தானும் எலியும் பூனையும்தான். "தம்பி, துடுப்பு போடுறீங்களா, தண்ணிக்குத் தலை வாரி விடுறீங்களா?" என்று ஆரம்பித்தால் அக்கரை வரைக்கும் ஓயாது. லேப் அம்மா ஊருக்குப் போனதும் இரண்டு நாள் இப்பத்தானுக்கு வீடே வெறிச்சென்றிருக்கும். இதை அவர் வெளியே சொன்னதில்லை.

இந்த வருஷம் லேப் அம்மா தனியாக வரவில்லை. மகன் கூட வந்திருந்தான். எதைத் தொட்டாலும் முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்கிற ஆள். ராத்திரிச் சாப்பாட்டிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அண்ணா, அம்மாவுக்கு மூட்டு வலி. வருஷா வருஷம் இவ்வளவு தூரம் அனுப்பிட்டு நாங்க அங்க பயந்துகிட்டு இருக்கோம். கேட்டா அந்தக் குருவியைப் பாக்காம விடமாட்டேங்கிறாங்க. நாளைக்குக் காலையில எப்படியாவது காட்டிருங்க. பாத்துட்டாங்கன்னா இதோட முடிஞ்சது. அப்புறம் நிம்மதியா வீட்டுல இருப்பாங்க."

"காட்டிட்டாப் போச்சு" என்றார் இப்பத்தான். பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார். லேப் அம்மா உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

சமையலறையில் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா? மூட்டு வலியோட ஒரு பெரிய மனுஷி இத்தனை வருஷமா அலையுறாங்க, உங்களை நம்பி. அந்தப் பாவம் சும்மா விடுமா?"

"பாத்துட்டா அப்புறம் வரமாட்டாங்களே."

"வராட்டி என்ன? ஒரு அறை காலியாக் கிடந்தா குடி முழுகிப் போயிடுமா?"

"அறைக்காகச் சொல்லலை" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"எனக்கும் அவங்களைப் பிடிக்கும். அதுக்காக ஏமாத்துவாங்களா? நாளைக்கு நீங்க காட்டலைன்னா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்."

அவள் சொன்னால் செய்வாள். விடியும் நேரத்தில் அவர் கடைசி அறைக் கதவை மெல்லத் தட்டினார். மகன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லேப் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். படகுத்துறைப் பக்கம் போகாமல் தகரத் தடுப்பைச் சுற்றிக் கூட்டிப்போனார் இப்பத்தான். கொல்லையில் வீட்டுக்காரி கழுவ வேண்டிய பாத்திரங்களை ஒரு பெரிய கூடையில் தூக்கிக்கொண்டு நின்றாள். சாட்சிக்கு வந்திருந்தாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குட்டைவால் தத்தித் தத்திப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் கையில் பிடிக்கலாம்.

"அதோ பாருங்கம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

லேப் அம்மா பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்க தம்பி? ஒண்ணும் தெரியலையே."

"அதோ, கல்லுக்குப் பக்கத்துல."

"அது மைனா."

இப்பத்தான் திகைத்துப் போனார். மைனாவாம். ரத்தத்தில் நீந்துகிற கிருமியை எண்ணிய கண்ணுக்கு நீல முதுகு தெரியவில்லையாம். வீட்டுக்காரிக்குக் கையில் கூடை கனத்தது. ஆனால் அவள் மனசு வேறெங்கோ ஓடியது. "அம்மா, உங்க குளியலறைப் பக்கெட் ஏன் எப்பவும் கவுந்தே இருக்கு?" என்று கேட்டாள்.

லேப் அம்மா சிரித்துவிட்டார். "ஏறி நின்னா மேல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா இந்தக் கல்லு நல்லாத் தெரியுதும்மா. முதல் வருஷமே பாத்துட்டேன். தினமும் பாத்துட்டுத்தான் படகுக்கு வருவேன்."

இப்பத்தானுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. "அப்ப அக்கரையில நான்..."

"நீங்க கையை நீட்டி உதட்டைப் பிதுக்குவீங்களே தம்பி, குருவியை விட அதுதான் எனக்குப் பிடிச்ச காட்சி."

"ஏம்மா சொல்லலை?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

லேப் அம்மாவின் சிரிப்பு நின்றது. "வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. மாத்திரை போட்டியா, சால்வை எங்க, ஏன் எழுந்தே, எங்க போறேன்னு நாள் பூரா கேட்டுகிட்டே இருப்பாங்க. இங்க ஒரு வாரம் யாரும் எதுவும் கேக்குறதில்ல. படகுல உக்காந்து உங்க வீட்டுக்காரரோட சண்டை போடுறேன். குருவியைப் பாத்துட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் எதைச் சொல்லிக் கிளம்பி வருவேன்?"

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் விறுவிறுவென்று நெருங்கியது. "அம்மா? எங்க போனே? பாத்தாச்சா?"

இப்பத்தானுக்கு வாயில் அந்த வார்த்தை வரவில்லை. ஊரையே உட்கார வைத்த வாய் அது. அவர் குட்டைவாலைப் பார்த்தார், லேப் அம்மாவைப் பார்த்தார். தடுப்பின் ஓரத்தில் மகனுடைய தலை தெரிந்த நேரத்தில் பெரிய சத்தம் கேட்டது. வீட்டுக்காரி கூடையை அப்படியே போட்டுவிட்டாள். தட்டும் கிண்ணமும் நாலா பக்கமும் உருண்டன. குட்டைவால் விர்ரென்று எழும்பித் தகரத்தைத் தாண்டிப் போனது.

"என்ன ஆச்சு?" என்றான் மகன்.

வீட்டுக்காரி ஏரியைப் பார்த்துக் கையை நீட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். "அடடா தம்பி, இப்பத்தான் பறந்துச்சு."

"அம்மா பாத்தாங்களா இல்லையா?"

"கண்ணாடியைத் துடைச்சுகிட்டு இருந்தேன்டா" என்றார் லேப் அம்மா. "என் ராசி அப்படி. அடுத்த வருஷம் பாப்போம்."

மகன் பெருமூச்சு விட்டான். விடுகிற ஆள் இல்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவள் காட்டிய திசையில் மரம் மரமாகத் தேடினான். அவன் முதுகுக்குப் பின்னால் குட்டைவால் திரும்பி வந்தது. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, உருண்டு கிடந்த தட்டுகளைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புழு பொறுக்க இறங்கியது.

மற்ற மூவரும் கண்ணைக்கூடத் திருப்பாமல் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.