விளக்கெண்ணெய் குடித்துவிட்டு மதுரைக்கு ஒரு பஸ் பயணம்

1963 சித்திரையில் என் தங்கை புருஷன் சண்முகவேலுவை மதுரைக்கு அழைத்துப்போய்க் குடலைப் பரிசோதிக்க வைத்தேன். இதே பயணம் போகவேண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய அண்ணன் இதையே மூலம் என்று இரண்டு வருஷம் மறைத்து, குடல் புற்றுநோயில் போய்ச்சேர்ந்தவர். தம்பியும் மறைத்தார். வெட்கம் பாதி, சீசன் பாதி. முதலாளி படுத்துவிட்டார் என்று ஏஜென்ட்டுகள் காதில் விழுந்தால் தீபாவளி ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுமே! அதனால் என் மகனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லிவைத்தோம்.

முதல் நாளே மாப்பிள்ளை விருதுநகரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். குடல் காலியாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மத்தியானத்தோடு சோறு நிறுத்தம், சாயங்காலம் விளக்கெண்ணெய், பிறகு வெறும் தண்ணீர். இரவு நடந்ததை எழுத வேண்டியதில்லை. மறுநாள் காலை ஆறு மணி பஸ். முப்பது மைல், ஒன்றரை மணி நேரம், தலைக்கு ஒரு ரூபாய் பத்து நயா பைசா. கதவோரம் இடம் பிடியுங்கள். கள்ளிக்குடியில் மாப்பிள்ளை கருவேலங்காட்டுக்குள் ஓடி மறைந்தபோது அதன் அருமை தெரிந்தது.

அங்கேதான் எனக்குப் பழக்கமான காரியாபட்டி மிளகாய் வத்தல் வியாபாரி பெருமாள் ஏறினார். கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம்.

“அண்ணாச்சி, எங்கன போறீக?”

“பையனுக்குப் பொண்ணு பாக்க.”

“நல்ல காரியத்துக்கு வெறும் வயித்தோட போலாமா? இந்தாங்க மாப்பிள்ளை!”

மாப்பிள்ளையின் கை தானாக நீண்டது. நான் பிடுங்கினேன். பெருமாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏன், நாங்க குடுத்தா எறங்காதோ? சரி, பொண்ணு வீடு எந்தத் தெருவு?”

வாயில் வந்த தெருவைச் சொன்னேன்.

“அட, அங்கதான நம்ம மச்சினன் இருக்கான்! நானும் வாரேன். பேசி முடிச்சு, அங்கனயே சாப்பிட்டுருவோம்.”

சேவு மறுபடி நீண்டது. இன்றைக்குப் பரிசோதனை தவறினால் இந்த மனுஷனை இன்னொரு தடவை கிளப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். பொறுமை போய்விட்டது.

“பொண்ணும் இல்ல, மண்ணும் இல்ல அண்ணாச்சி! இவுக கொடலைப் பாக்கப் போறோம்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பெருமாள் பொட்டலத்தை மெல்ல மடித்தார்.

“ரத்தமா?” என்றார், சின்னக் குரலில்.

“ஆமா.”

“எனக்கும் ஆறு மாசமா போகுது. காலையில நாலு இட்லியத் தின்னு தொலைச்சிட்டேனே!”

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையை முட்டிபோட்டுக் குனியச் சொல்லி, விளக்கு வைத்த குழாயைச் செலுத்தினார் டாக்டர். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சதை வளர்ச்சி. மின்சாரத்தால் சுட்டு எடுக்கவேண்டும் என்றார்.

“வயிறு சுத்தம்தானே? கழிவு தங்கினா வாயு சேரும். பொறி பட்டுதுன்னா உள்ளயே பத்திக்கிரும்.”

கம்பெனியின் வெடிமருந்து அறைக்குள், பொறி பறக்கும் என்று, ஆணி அடித்த செருப்போடு யாரையும் நுழையவிடாத மாப்பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தார். “மச்சான், நீங்க அந்தச் சேவப் புடுங்காட்டி நான் வெடிச்சிருப்பேனே!”

எடுத்த சதையைச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, விட்டுவைத்திருந்தால் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். வருஷம் தவறாமல் வரச் சொன்னார். அடுத்த வாரம் இட்லி தின்னாமல் வந்த பெருமாளுக்கு வெறும் மூலம்தான்.

நாங்கள் திரும்புமுன்பே பஸ் ஆட்கள் சேதியைச் சிவகாசிவரை கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் கம்பெனி வாசலில் இரண்டு ஏஜென்ட்டுகள். ஆர்டர் போயிற்று என்றே மாப்பிள்ளை நினைத்தார். ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “மொதலாளி, அந்த டாக்டரு என்னைக்கு இருப்பாரு?”

போகிறவர்களுக்கு: பழைய வேட்டி இரண்டு கொண்டுபோங்கள். திரும்பும்போது தனியாக வராதீர்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தாலோ, வயது ஐம்பதைத் தாண்டினாலோ, ரத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மறுவருஷம் மாப்பிள்ளைக்குத் துணையாகத்தான் போனேன். “நீங்களும் படுங்க” என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டே படுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் போகாத என் குடலில் அதேபோல் இரண்டு மொச்சைக்கொட்டைகள் இருந்தன.