திறக்கக் கூடாத சாவி

நான் பயந்தவள். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள், யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் மென்பொருள் கம்பனியிலும் அப்படித்தான் சொல்வார்கள். மகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். அடுப்பை நிறுத்திவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு தடவை திருகிப் பார்ப்பேன். கணவர் அனலைதீவில் படிப்பிக்கிறார். காலையில் எங்கள் ஊரான கரம்பொனில் இருந்து ஊர்காவற்றுறைக்குப் போய்ப் படகேறுவார். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவர் செய்தி அனுப்பும்வரை எனக்குத் தேநீர் இறங்காது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்தவள் சொல்கிறாள் என்பதற்காக ஒரு விடயம் பிழையாகிவிடாது.

எங்கள் கம்பனி படகுகளுக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. சிறிய பெட்டி, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும். படகு நிற்கும் இடம் மற்றப் படகுகளுக்கும் கரைக்கும் தெரிந்துவிடும். பெட்டிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கிக் கடத்துவதால் போனுக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். செய்திகளைக் கையாளும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பாதியை எங்கள் குழுவின் மூத்தவர் எழுதினார், பாதியை நான் எழுதினேன். அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் பரிசோதனைக்குக் கணவர் போகும் படகையே தெரிவுசெய்தார்கள். நடுக்கடலில் படகோட்டி பொத்தானை அழுத்தினார். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யும் நான், வீட்டு மேசையில், அவளை மடியில் வைத்துக்கொண்டு, கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் புள்ளி வந்தது. ஆனால் கடலில் அல்ல. ஊர்காவற்றுறைத் துறையில், கயிற்றில் கட்டிக் கிடந்த வேறொரு படகின் மேல் வந்தது.

கரை சேர்ந்ததும் கணவர் அழைத்தார். "என்னப்பா, அங்கை தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது. நீங்கள் துறையை விட்டு வெளிக்கிடவே இல்லையாம்."

"நான் இஞ்சை தலை முதல் கால் மட்டும் நனைஞ்சு போய் நிக்கிறன், உமக்குப் பகிடி!"

எனக்குப் பகிடியாக இல்லை. காரணத்தைத் தேடத் தொடங்கினேன். கணினி ஒரு செய்தியை வைத்திருக்க நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சி மொழியில் இரண்டும் எழுதுபவரின் பொறுப்பு. அண்ணையின் பகுதி, செய்தியை அனுப்பியதும் இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. சரிதான். என் பகுதி, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவதற்காக, அந்த இடத்தின் முகவரியை வைத்திருந்தது. அதுவும் சரிதான். முதலில் அனுப்பியது வழியில் தொலைந்துபோனது. அதற்கிடையில் துறையில் கிடந்த படகு தன் இடத்தைச் சொல்லி வழமையாக அனுப்பும் செய்தி, கடத்துவதற்காகக் கணவரின் படகுப் பெட்டிக்கு வந்து, நினைவகத்தில் அதே இடத்தில் குடியேறிவிட்டது. பழைய முகவரிக்குப் போன என் பகுதி, அங்கே இருந்ததை எடுத்து, ஆபத்து என்று அனுப்பியது.

இந்தப் பிழையை நான் முன்பே கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். வீட்டுச் சாவி எங்களோடு இருக்கும் மாமியிடம், கணவரின் அம்மாவிடம். வெள்ளிக்கிழமைகளில் மாமி போய்க் கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருவார். தீவுப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி இரண்டு மூன்று வேறு வீட்டுச் சாவிகள் ஆணியில் தொங்கும். ஒருநாள் அந்த வீட்டுக்காரர் வீட்டைத் தன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் வியாழன் பின்னேரம் வந்து இறங்கியது எங்களுக்குத் தெரியாது. வெள்ளி காலை மாமி விளக்குமாறோடு பின்கதவைத் திறந்தார். குசினிக்குள், அடுப்படியில், ஒரு மனிதர் துவாயோடு நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, கள்ளன்!" என்று மாமி கத்தினார்.

"கள்ளி! கள்ளி!" என்று அவரும் கத்தினார்.

சாவி திறந்தது. அதுதான் சங்கடம். திறக்காமல் இருந்திருந்தால் மாமி வாசலில் நின்று யோசித்திருப்பார். கொடுத்தவரும் பிழை செய்யவில்லை, வந்தவரும் பிழை செய்யவில்லை, மாமியிலும் பிழை இல்லை. வீடு கைமாறியபோது பழைய சாவி செத்துப்போக வேண்டும் என்ற ஏற்பாடுதான் இல்லை.

நான் அந்த ஒரு பிழையைத் திருத்திவிட்டேன். அடுத்த நாள் வீடியோக் கூட்டத்தில் அண்ணைக்கு நல்ல சந்தோசம்.

"பிடிச்சிட்டீர், திருத்தியாச்சு. இனிக் கவனமா எழுதுவம்."

"நீங்களும் கவனமாத்தான் எழுதினனீங்கள் அண்ணை. நானும் கவனமாத்தான் எழுதினனான். பிறகும் வந்திட்டுதே."

"சரி, இப்பிடிப் பிழையளைப் பிடிக்கிற டூல் இருக்குத்தானே, அதைப் போட்டு ஓட்டுவம்."

"அது நாங்கள் ஓட்டிக் காட்டுற வழியைத்தான் பாக்கும். கடலிலை நடக்கிறது எல்லாத்தையும் மேசையிலை ஓட்டிக் காட்ட ஏலாது."

நினைவகத்தில் வேலை முடிந்த இடங்களைத் தானே தேடிக் கூட்டி அள்ளும் மொழிகளும் உண்டு. அவற்றில் இந்தப் பிழை வராது. ஆனால் கூட்டுகிறவர் வரும்போது மற்ற வேலை கொஞ்சம் நிற்கும், அவருக்கென்று இடமும் வேண்டும். எங்கள் பெட்டி மிகச் சிறியது. நான் கேட்டது ரஸ்ட் மொழியை. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உரிமையாளர். இரவல் கொடுக்கலாம், ஆனால் இரவல் வெளியே இருக்கும்போது உரிமையாளர் அதை அழிக்க முடியாது. இந்த ஒழுங்கு மீறப்படுகிறதா என்று, நாம் எழுதுவதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் முன்கூட்டியே பார்க்கும். மீறினால் நிரல் உருவாகவே உருவாகாது. மாமியின் சாவிக் கதையைச் சொல்லித்தான் விளக்கினேன்.

"உம்மட மாமியை எங்கட நிரலுக்கை கொண்டுவராதேயும், தங்கச்சி," என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "சோளகம் தொடங்கப்போகுது, காத்துக்குக் கடல் கொந்தளிக்கும். திருப்பி எழுதிறதெண்டால் பெட்டி பிந்தும். ஒண்டும் இல்லாமல் போறதைவிட இருக்கிறதோடை போறது நல்லதில்லையோ? உம்மட மனிசனும் உந்தப் படகிலைதானே போறவர்?"

அது நியாயமான கேள்வி. என் பிடிவாதத்தால் அவர் வெறுங்கையோடு கடலில் போவாரா? படித்தது மண்டைக்கு ஏறிவிட்டதா? உள்ளதைப் பெரிதாக்கிப் பயப்படுவது என் வழக்கம்தானே? மகள் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். துறையில் வந்த அந்தச் சிவப்புப் புள்ளியை நினைத்தேன்.

"பெட்டி இல்லாட்டில் சனம் கடல் முழுக்கத் தேடும் அண்ணை. பெட்டி பிழையான இடத்தைக் காட்டினால், துறையிலை வந்து பாத்திட்டு, படகு கட்டித்தானே கிடக்குது எண்டு வீட்டை போயிடும்."

அண்ணை தலையை ஆட்டினார்.

"பிள்ளை பெத்தாப்பிறகு உமக்கு எல்லாத்துக்கும் பயம். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும், நாளைக்கே ஏத்துவம்."

"பயம்தான். அதுக்காக ஓம் எண்டு சொல்ல ஏலாது."

எழுதியவர்கள் இருவரும் சம்மதிக்காமல் பெட்டியை வெளியே விடுவது எங்கள் வழக்கமில்லை. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் பாதியை ரஸ்டில் எழுதத் தொடங்கினேன்.

சோளகம் வந்தது. கணவர் பெட்டி இல்லாத படகில் போனார். காலையில் முற்றத்து வாழை கிழிந்து அடிக்கும்போதெல்லாம் என் கை விசைப்பலகையில் நின்றுவிடும். "ஒருக்கா அண்ணையோடை கதைச்சுப் பாருமன்," என்று மாமி சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் கதைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அண்ணை மோட்டார் சைக்கிளில் கரம்பொனுக்கே வந்துவிட்டார். இந்த மொழியையும் ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று என் கதிரையில் அமர்ந்தார். தன் பழைய வழியிலேயே, அனுப்பியதும் இடத்தைத் திருப்பிக் கொடுத்து, முகவரியை மட்டும் வைத்திருக்கப் பார்த்தார். கம்பைலர் மறுத்தது. வரிகளை மாற்றிப் போட்டார். மறுபடி மறுத்தது. மாமி கொடுத்த தேநீர் ஆறிப்போனது.

"இவன் விடுறானில்லையே!"

"விடமாட்டான் அண்ணை. அதுக்குத்தானே வைச்சிருக்கிறம்."

"காவலை விலக்கிப்போட்டு எழுத ஒரு வாசல் இதிலையும் இருக்குத்தானே?"

"இருக்கு. ரேடியோவோடை நேரை கதைக்கிற வரியளுக்கு மட்டும் அதைத் திறந்தனான். அதை வேறாக்கி வைச்சிருக்கிறன். வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் வாசித்தார். ஒரு வரியில் பிழை பிடித்தார். அதைத் திருத்திவிட்டு, தன் பாதியையும் தானே மாற்றி எழுதுவதாகச் சொல்லி, ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

காற்று இன்னும் அடங்காத ஒரு காலையில் பெட்டி மறுபடி அதே படகில் ஏறியது. துறையில் மற்றப் படகுகளும் பெட்டியோடு கட்டிக் கிடந்தன. வீடியோவில் அண்ணை இருந்தார். புள்ளி வந்தது. தொலைந்து, மறுபடி அனுப்பப்பட்டு, வந்தது. துறைக்கும் அனலைதீவுக்கும் நடுவில், வெறும் நீலத்தில், என் கணவர் நனைந்துகொண்டிருந்த அதே இடத்தில்.

வேறு வகைப் பிழைகள் இன்னும் இருக்கலாம். அவற்றுக்கும் நான் பயப்படுவேன். அன்றும் அவர் செய்தி வரும்வரை நான் தேநீரைத் தொடவில்லை. ஆனால் அதற்கு முன்பே, திரையைப் பார்த்து, அண்ணைக்குச் சொல்லிவிட்டேன்.

"ஓம்."