ஒரு சொட்டு மோர்

கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்றாலே காலராதான் என்று இந்தப் பயணம் வரை முழுசாக நம்பியிருந்தேன். அதனால்தான் எண்ணூர் போகிற வழியில், திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில் குடித்த மோர் புளித்ததும், மிச்சத்தைச் சொம்போடு எதிரே இருக்கும் காலரா ஊசி முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். மோர் விற்கும் அம்மாள் பானையை அணைத்தபடி பின்னாலேயே வருகிறாள். பூச்சி இருந்தால் பானையைத் தெருவில் கவிழ்த்துவிடுவார்கள்.

கம்பவுண்டர் ஒரு சொட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கிறார். குனிந்து பார்க்கிறேன். குச்சி குச்சியாய், மணி மணியாய், ராயபுரம் மீன் சந்தை மாதிரி நெரிசல்!

“ஐயா, நான் பிழைப்பேனா?”

“இன்னா நைனா, பேஜார் பண்ற? பாலைத் தயிராக்குறதே இதுங்கதான். இதுங்க குடல்ல குந்திக்கினா, பேதிப் பூச்சிக்கு எடம் கெடைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்காவ ஊசி போடாம ஓடிடாத.”

“சொம்பக் குடுய்யா,” என்கிறாள் அம்மாள். “உன் வயித்துல காவலுக்கு ஆள் வெச்சதே நான்தான்!”

மறுபடி குனிகிறேன். ஒரு சொட்டுக்குள் ஓர் ஊரே ஓசையில்லாமல் வேலை பார்க்கிறது. பஸ் கிளம்புகிறது, கண்ணை எடுக்க முடியவில்லை.

எண்ணூர் வந்து ஒரு வாரமாகிறது. வயிறு சும்மா இருக்கிறது. ஊசி போட்ட கைதான் வீங்கிக் கிடக்கிறது.