நிஷா அம்மா எங்களிடம் சொல்லாதது

உயிரியல் பாடவேளையில்தான் செய்தி வந்தது. அந்த நேரத்தில் எங்கள் வகுப்புக்கு யாரும் வருவதில்லை. அதனால் தமிழம்மா வாசலில் வந்து நின்றதும், அவர்தான் இன்று வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தோம். "நிஷா அம்மா தவறிட்டாங்களாம்மா. காலைல மார்க்கெட்டுல மூட்டை எறக்கறப்ப நெஞ்சுவலி" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். இறந்தவரின் மகள் நிஷா, ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

நிஷா அம்மாவின் பெயர் மெஹராஜ் பேகம் என்பது, பள்ளி வாசலில் வைத்திருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்த பிறகுதான் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உக்கடத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவர் நிஷா அம்மா. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராக இருந்தபோதும் அதிகாரிகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் படிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். நல்லதையும் எழுதுகிறேன்.

ஊரடங்கு முடிந்த சமயம். அப்பா வேலை பார்த்த லேத் பட்டறை பாதி நாள் மூடியே கிடந்தது. நான் படித்த தனியார் பள்ளி, கட்டணம் வரவில்லை என்று என்னை வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியிருந்தது. அப்போதுதான் நிஷா வீட்டு வெங்காய வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. நிஷாவின் அப்பா ஆட்டோவை ஓட்டுவார், அம்மா எடை போடுவார். ஒலிபெருக்கியில் அவர் பதிவு செய்து வைத்த குரல் ஓடும். "பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கக்காய் வாங்குங்க. அப்பறம் ஒரு சமாச்சாரமுங்க. நம்ம கார்ப்பரேசன் ஸ்கூல்ல புள்ளைங்களச் சேத்தறாங்க. என்ற பொண்ணு நிஷா அங்கதான் படிக்குது. உங்க புள்ளைங்களையும் அனுப்பி வையுங்க."

அம்மா தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே, "அங்கெல்லாம் பாடம் நடக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங், தக்காளிய அறுத்துப் பாத்தா வாங்கறீங்க? தொட்டுப் பாத்துத்தான வாங்கறீங்க. ஒரு நாளைக்கு ஸ்கூலுக்கும் வந்து தொட்டுப் பாருங்க."

அப்பா வெளியே வந்து, பழைய பள்ளியில் டிசி தர மறுக்கிறார்கள் என்றார்.

"டிசி கெடக்குதுங்க. ஆதார் கார்டும் புள்ளையும் வந்தாப் போதும்."

"சேத்திப்போட்டு, பாதியில கைய உட்டுட்டா என்னங்க பண்றது?"

"என்ற புள்ள எங்கயோ உங்க புள்ளையும் அங்கதானுங்க. உட்டா ரெண்டையும் சேத்தித்தான் உடோணும்" என்றார். அப்பாவின் மனதை மாற்றியது அந்த வார்த்தைதான். அடுத்த வாரம் நான் நிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவிலிருந்து மட்டும் அவ்வளவு பேர் வந்து சேர்ந்ததால், ஆசிரியர்கள் எங்களை 'வெங்காய பேட்ச்' என்றே அழைத்தார்கள்.

நாங்கள் எட்டாம் வகுப்புப் படித்தபோது கழிப்பறைக்குத் தண்ணீர் வராமல் போனது. குழுக் கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நிஷா அம்மா மட்டும் நின்றார். "உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி. "பொட்டப் புள்ளைங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்குதுங்க. நான் கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆயிராது" என்றார் அவர். கூட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை. சில நாட்களில் புது மோட்டார் வந்தது. அன்றைக்கு அவர் எங்கள் நிஷா அம்மா என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் வகுப்பின் முதல் நாளில் நிஷாவின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். மாலையில் பேருந்து நிறுத்தத்தில், ஒரு மஞ்சள் வேனிலிருந்து வேறு சீருடையில் அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் குனிந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அந்தக் கோடையில்தான் எங்கள் உயிரியல் ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். எங்களில் சிலர் வேறு குரூப்புக்கோ வேறு பள்ளிக்கோ மாறலாமா என்று யோசித்தோம். நிஷா அம்மா வகுப்புக்கே வந்தார். "ஆளு போட்டாச்சாமா. பொங்கலுக்குள்ள வந்துருவாங்க. அவசரப்பட்டு யாரும் மாத்தீட்டுப் போயிறாதீங்க கண்ணு" என்றார். நாங்கள் நம்பினோம். யாரும் போகவில்லை.

இதற்கிடையில் வண்டி தினமும் தெருவுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. பதிவு செய்த குரலும் மாறவில்லை. என்ற பொண்ணு நிஷா அங்கதான் படிக்குது. முதலில், மாற்ற மறந்துவிட்டார்கள் என்று எண்ணினேன். பக்கத்து வீட்டு மணி அண்ணன், "நிஷா எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு அந்த வண்டிக்கு மட்டும் தெரியாதாட்ட இருக்குது" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் தெருமுனையில் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவேன்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. ஆசிரியர் வரவில்லை. ஒரு நாள் சின்ன வெங்காயம் வாங்க அம்மா என்னை அனுப்பினார். வண்டியருகே வேறு யாரும் இல்லை.

"பயாலஜி டீச்சர் எப்பங்க வருவாங்க?" என்று கேட்டேன்.

தட்டில் வெங்காயத்தை அள்ளிப் போட்டவர் தலையைத் தூக்கவில்லை. "வர மாட்டாங்க கண்ணு. இந்த வருசத்துக்கு இல்லைன்னு ஜூன்லயே சொல்லீட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க எங்கள இருக்கச் சொன்னீங்க?"

"நீங்களும் போயிட்டா குரூப்பையே எடுத்துருவாங்க. புள்ளைங்களே இல்லீன்னா யாருக்குன்னு போயி நான் ஆளு கேக்கறது?"

"நிஷா மட்டும் போலாமுங்களா?"

அவர் தட்டிலிருந்த ஒரு சருகைப் பொறுக்கிப் போட்டார். "அது டாக்டருக்குப் படிக்கோணும்னு ஒரே அழுகை. நான் அதுக்கு அம்மா இல்லியா கண்ணு?"

"எனக்கும் அம்மா இருக்காங்க" என்றேன்.

எடை போட்டு முடித்த பிறகு ஒரு கை வெங்காயத்தைக் கூடுதலாக என் பையில் போட்டார். அதை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவரிடம் நான் பேசவில்லை.

பிறகு பல நாட்கள் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்ன காரணத்தில் தவறில்லை. நாங்கள் கலைந்திருந்தால் அந்த குரூப் மூடப்பட்டிருக்கும், அடுத்து வருகிறவர்களுக்கு அது கிடைத்திருக்காது. ஆனால் ஜூன் மாதத்திலேயே அதை எங்களிடம் சொல்லியிருக்கலாம். தெரிந்திருந்தாலும் ஒருவேளை நான் இருந்திருப்பேன். அந்த முடிவை எடுக்க எனக்கு வாய்ப்பே தராமல் என்னை ஒரு தலையாக எண்ணிக்கொண்டுபோய் அலுவலகத்தில் காட்டினார். செல் பிரிதலை நான் கைடைப் பார்த்துத் தனியாகப் படித்தேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. நானும் டாக்டருக்குத்தான் படிக்க ஆசைப்பட்டேன். அதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

செய்தி வந்த அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரங்கூட அம்மா உங்களுக்கு டீச்சர் கேட்டு ஆபீசுக்குப் போயிட்டு வந்துச்சுடி" என்றாள். அது உண்மையாகத்தான் இருக்கும். நான் கையை விடுவிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அடுத்த சந்தில் இருக்கும் கோமதி அக்கா என்னை நிறுத்தினார். அவர் மகள் இப்போதுதான் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறாள்.

"ஏங்கண்ணு, பயாலஜி குரூப்புல உங்க ஸ்கூல்லயே சேத்தீரலாமா? எல்லாம் சரியா இருக்குதுன்னு நிஷா அம்மா சொல்லீட்டிருந்துச்சு."

"பயாலஜிக்கு டீச்சர் இல்லீங்கக்கா. ஒரு வருசமா இல்ல. கெமிஸ்ட்ரியும் மேக்ஸும் நல்லா நடத்தறாங்க. பயாலஜிய நாங்களே உக்காந்து படிக்கறோம், நான் அவளுக்குச் சொல்லித் தாரேன். படிக்கற புள்ளைங்க அதிகமா இருந்தா டீச்சர் கேக்கறதுக்கும் பலமா இருக்கும். யோசிச்சுச் செய்யுங்க."

கோமதி அக்கா என்னையே பார்த்தார். "இப்பிடி நெசத்தச் சொன்னா யாருடி வந்து சேத்துவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் அவர் முடிவு செய்யவில்லை.

வீடு வீடாகப் போய் "புள்ளைய அனுப்புங்க" என்று கூச்சமில்லாமல் கேட்கலாம் என்பதை நான் நிஷா அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதை வைத்துக்கொள்கிறேன். கேட்பதற்கு முன்னால் பள்ளியில் எது இல்லையோ அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்கிறேன். அதை அவரிடமிருந்து கற்றேன் என்று சொல்ல முடியாது. அவரால் கற்றேன்.